தொப்புள்கொடியில் ஒரு நரம்புப் பாதை

கேரி தீவின் செம்பனைத் தோட்டங்களில் வடிகால் ஓரமாக நடந்தால், ஈரம் வற்றாத நிழல் தரையில் வல்லாரை படர்ந்து கிடப்பதைக் காணலாம். நின்றபடி பார்த்தால் வெறும் பச்சைதான். குனிந்து பார்த்தால்தான் அதன் எழில் பிடிபடும். சிறுநீரக வடிவில் விரிந்த குட்டி இலை. விளிம்பு முழுக்க யாரோ பொறுமையாக வெட்டிவிட்டாற்போல் சீரான வளைவுகள். காம்பு வந்து தொடும் இடத்திலிருந்து விரல்களாகப் பிரிந்து ஓடும் நரம்புகள். ஒவ்வோர் இலையும் தனித்தனிச் செடியாகத் தோன்றினாலும், புல்லை விலக்கினால் மெல்லிய ஓடுதண்டு ஒன்று தரையோடு தரையாகப் போவது தெரியும். கணுவுக்குக் கணு வேரூன்றி, அங்கே ஓர் இலையை எழுப்பிவிட்டு, அடுத்த கணுவுக்கு நகர்ந்துவிடும். நம் வீடுகளில் இது துவையலாகும். பக்கத்துக் கம்பத்தில் இதையே பெகாகா என்று சொல்லிப் பச்சையாகவே சோற்றோடு சேர்த்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு நினைவாற்றல் பெருகும் என்று பாட்டிமார் ஊட்டிய கீரை இது.

இந்தக் கீரையைத்தான், இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் கோலாலம்பூர் செராஸில், அறுந்துபோன நரம்பைச் சேர்த்துவைக்கும் நுட்பமான பணிக்கு அழைத்தார்கள். மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தில் திசுப் பொறியியல் மையம் ஒன்று இயங்குகிறது. பேராசிரியர் ருஸிமா இட்ருஸ் தலைமையேற்று வளர்த்த மையம் அது. அவரும் யோகேஸ்வரன் லோகநாதனும் அவர்களின் குழுவினரும் 2018-இல் ‘சைன்ஸ் மலேசியானா’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் எஞ்சும் தொப்புள்கொடியின் தமனியை எடுத்து, அதிலுள்ள உயிரணுக்களை நீக்கி, வெற்றுக் குழலாக்கி, அந்தக் குழலுக்குள் வல்லாரைச் சாற்றால் நரம்பின் சாயல் ஊட்டப்பட்ட குருத்தணுக்களைக் குடியேற்றும் முயற்சி பற்றியது அது. 2020-இல் வந்த அடுத்த கட்டுரை, அப்படிப் பழக்கப்பட்ட அணுக்கள் எலிகளின் நரம்பு மீள வளரத் துணைநிற்பதைச் சொன்னது.

ஒரு தமனி, சில அணுக்கள், ஒரு கீரை. இந்த மூன்றும் ஒன்றையொன்று கண்டுகொண்ட அழகை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆசை.

முதலில் நரம்பையே பார்த்துவிடலாம். மணிக்கட்டின் உட்புறத்தில், தோலுக்குச் சற்றே கீழே, தசைநாண்களுக்கு நடுவில் மீடியன் நரம்பு ஓடுகிறது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் உலகத்தை அறிவது இதன் வழியாகத்தான். தசைநாணுக்கும் நரம்புக்கும் நிறத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் முத்து வெண்மைதான். ஆனால் தளர்ந்து கிடக்கும் நரம்பின் மேல் வெளிச்சம் விழும்போது, அதன் குறுக்கே ஒளியும் நிழலுமாக மெல்லிய பட்டைகள் மின்னும். 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் ஃபெலிச்சே ஃபொன்டானா கண்டு சொன்னதால் அவை ஃபொன்டானா பட்டைகள் எனப்படுகின்றன. நரம்பை இலேசாக இழுங்கள், பட்டைகள் மறைந்துவிடும். விடுங்கள், திரும்பி வந்துவிடும். உள்ளே இருக்கும் இழைகள் நேர்கோடாக ஓடாமல் சிற்றலைகளாக நெளிந்து கிடப்பதால் வரும் மினுமினுப்பு அது. கையை நீட்டும்போதும் முழங்கையை மடக்கும்போதும் நரம்பு அறுந்துவிடாமல் இருக்க, இயற்கை முன்கூட்டியே சேர்த்துவைத்த தாராளம் அந்த நெளிவில் இருக்கிறது. நரம்பின் இடத்தில் வைக்க எந்தப் பொருளைச் சோதிப்பவரும் முதலில் இந்த நெளிவுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். விறைத்த குழல் ஒன்றுக்கும் உதவாது.

நெளிவுக்குள் இன்னும் போனால் உறைக்குள் உறை. ஒவ்வோர் இழையையும் தனியே போர்த்திய மென்படலம், இழைகளைக் கட்டுக்கட்டாகப் பிரித்து இறுகக் காக்கும் நடு உறை, எல்லாக் கட்டுகளையும் சேர்த்து அணைக்கும் வெளியுறை. அறுவை மருத்துவர் தைப்பது பெரும்பாலும் அந்த வெளியுறையைத்தான். உள்ளே ஆயிரக்கணக்கான இழைகள் ஒவ்வொன்றும் தன் இடத்தைத் தானே தேடிப் போக வேண்டும்.

செம்பனைக் குலை அறுக்கும் கைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நெடுங்கோலின் நுனியில் அரிவாள், தலைக்கு மேல் இருபது கிலோ எடையுள்ள குலை, மட்டை முழுக்க முள். கூர்மையோடு பழகும் தொழிலில் ஒரு கணத்தில் மணிக்கட்டு கிழிந்து நரம்பும் அறுந்துபோகலாம். காயம் சில வாரங்களில் மூடிவிடும். ஆனால் சட்டைப் பொத்தானை இருட்டில் போட முடியாது. பையிலிருக்கும் சில்லறையைத் தடவிப் பார்த்து இருபது காசா ஐம்பது காசா என்று சொல்ல முடியாது. சுடு கோப்பையைத் தொட்டால் சூடு தெரியாது. அறுந்த முனைகள் அருகருகே இருந்தால் நேரே தைத்துவிடலாம். நடுவில் இடைவெளி விழுந்துவிட்டால், கணுக்காலுக்குப் பின்னால் ஓடும் சூரல் நரம்பை எடுத்து இங்கே ஒட்டுவதே இன்றுவரை உயர்ந்த வழி. கைக்கு உணர்வு கொடுக்கப் போய்ப் பாதத்தின் வெளிவிளிம்பு மரத்துப்போகும். ஓரிடத்து நலனைப் பறித்து இன்னோரிடத்துக்குக் கொடுப்பதைவிட மென்மையான ஒரு வழி இருக்காதா என்ற தேடல்தான், அறுந்த இரு முனைகளுக்கும் நடுவே பாலமாக வைக்கும் நரம்புக் குழல்களின் கதை.

இப்போது தொப்புள்கொடியைக் கையில் எடுப்போம். இரண்டு தமனி, ஒரு சிரை. தமனிகள் இரண்டும் சிரையைச் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டு போகும். அவற்றைச் சூழ்ந்து பளபளப்பான, வழுவழுப்பான கூழ். 1656-இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டன் எழுதிவைத்ததால் அது வார்ட்டன் கூழ் என்று பெயர் பெற்றது. குழந்தை வயிற்றுக்குள் எத்தனை முறை புரண்டாலும், கொடி எத்தனை முறை முறுக்கிக்கொண்டாலும், உள்ளே ஓடும் இரத்தம் தடைபடாமல் காப்பது அந்தக் கூழின் கருணை. நசுங்காமலும் மடியாமலும் வளைந்து கொடுக்கவே படைக்கப்பட்ட குழல் இது. நரம்புக்குப் பொருள் தேடியவர்களின் கண் இதன்மேல் விழுந்ததில் என்ன வியப்பு?

ஆனால் என்னை மிகவும் நெகிழச் செய்வது வேறொன்று. தொப்புள்கொடிக்குள் நரம்பே கிடையாது. உடலின் மற்ற இரத்தக்குழாய்களை நரம்பிழைகள் பின்னிக்கொண்டிருக்க, கொடியின் குழாய்கள் மட்டும் நரம்பின் தொடுகை இன்றியே ஒன்பது மாதமும் தம் பணியைச் செய்கின்றன. அதனால்தான் அதை அறுக்கும்போது தாய்க்கும் வலிப்பதில்லை, சேய்க்கும் வலிப்பதில்லை. நரம்பையே அறியாத அந்தக் குழல், தன் வேலை முடிந்து அப்புறப்படுத்தப்படும் வேளையில், வேறோர் உடலின் நரம்புக்கு வீடாகப் போகிறது. இதைவிட நயமான தேர்வை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

வீட்டைக் காலி செய்யும் கலையும் ரசிக்கத்தக்கது. பிறருடைய திசுவை அப்படியே வைத்தால் உடல் ஏற்காது. எதிர்ப்பைத் தூண்டுபவை உயிரணுக்கள். எனவே அவற்றை நீக்க வேண்டும். ஆனால் அவை கட்டி எழுப்பிய கொலாஜன் பின்னல் கலையக்கூடாது. உப்புச் செறிவு மாறி மாறி வரும் நீர்மங்கள், சோப்புத் தன்மையுள்ள கரைசல்கள், சில நொதிகள் என்று இதற்குப் பல வழிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவான பண்பு பொறுமை. அவசரப்பட்டால் பின்னல் குலையும், தயங்கினால் அணுக்களின் எச்சம் தங்கிவிடும். உலர்ந்த திசுவின் ஒரு மில்லிகிராமில் எஞ்சும் டிஎன்ஏ 50 நானோகிராமுக்குக் கீழே இருந்தால்தான் தூய்மை என்று இத்துறையில் பரவலாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கிராமைக் கோடிகோடியாகக் கூறுபோட்டுப் பார்க்கும் கண்டிப்பு அது.

நீக்குவதற்கு முன்னும் பின்னும் எடுத்த சீவல்களை நுண்ணோக்கியில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஹீமட்டாக்சிலினும் ஈயோசினும் தோய்ந்த முதல் சீவலில் இளஞ்சிவப்புத் திசு நிறைய ஊதாப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் அணுவின் உட்கரு. இரண்டாவது சீவலில் ஊதா முற்றாக இல்லை. இளஞ்சிவப்பு மட்டும் அலையலையாக, வளையம் வளையமாக, நடுவில் திறந்த வெளியோடு அமைதியாக நிற்கிறது. குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள், ஆனால் அவர்கள் வாழ்ந்த ஒழுங்கு அப்படியே இருக்கிறது. எதைச் சேர்த்தோம் என்பதைவிட எதைக் கெடுக்காமல் விட்டோம் என்பதில்தான் இந்தக் கைவினையின் மேன்மை இருக்கிறது. அந்த இரண்டாவது படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

வெறும் குழல் மட்டும் போதாதா என்ற கேள்விக்கு ஒரு வசீகரமான பதில் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் யோரன் லுண்ட்போர்க் எலியின் பின்னங்காலுக்கு ஓடும் சியாட்டிக் நரம்பை அறுத்து, அதன் இரு முனைகளையும் ஒரு வெற்று சிலிக்கோன் குழலுக்குள் நுழைத்துவைத்துக் காத்திருந்தார். உள்ளே எதையும் அவர் இடவில்லை. முதலில் இரு முனைகளிலிருந்தும் தெளிந்த நீர் கசிந்து குழலை நிறைத்தது. நரம்பு வளரத் தேவையான ஊக்கப் பொருள்கள் அந்த நீரிலேயே இருந்தன. பிறகு ஃபைப்ரின் என்னும் மெல்லிழை அந்த நீருக்குள் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பாலமிட்டது. அதைப் பற்றிக்கொண்டு இரு பக்கத்திலிருந்தும் அணுக்கள் நடந்து வந்தன. அவற்றின் பின்னே நரம்பிழைகள் வந்தன. 10 மில்லிமீட்டர் இடைவெளியை நரம்பு இவ்வாறு தானாகவே கடந்தது. 15 ஆனபோது கடக்க முடியவில்லை. அந்த 5 மில்லிமீட்டர் வேறுபாட்டில்தான் இன்றைய பொருளாய்வு முழுவதும் குடிகொண்டிருக்கிறது என்பேன். உடலுக்கு வழி தெரியும். கொஞ்சம் தூரம் கூடிவிட்டால்தான் கைத்தாங்கல் வேண்டியிருக்கிறது.

அந்தக் கைத்தாங்கலை இயல்பில் கொடுப்பவை ஸ்வான் அணுக்கள். நரம்பிழையைச் சுற்றி மயலின் உறையைப் போர்த்துபவை அவையே. இழை அறுந்து, அறுபட்ட பகுதிக்கு அப்பாலுள்ள துண்டு சிதையத் தொடங்கும்போது (1850-இல் தவளையின் நாக்கு நரம்புகளில் அகஸ்டஸ் வாலர் கண்டு சொன்ன சிதைவு இது), ஸ்வான் அணுக்கள் தாம் அருமையாகச் சுற்றிய உறையைத் தாமே கலைக்கின்றன. எச்சங்களை அகற்றுகின்றன. பெருகுகின்றன. பிறகு, வெறுமையான பழைய தடத்துக்குள் நீள வரிசையாக நின்று, வரப்போகும் புது இழைக்காகக் காத்திருக்கின்றன. புது இழையின் நுனியில் கூம்பு ஒன்று இருக்கும். 1890-இல் சாண்டியாகோ ரமோன் இ கஹால் கோழிக் கருவின் தண்டுவடத்தில் அதை முதன்முதலாகக் கண்டார். மெல்லிய விரல்களை நீட்டி, முன்னுள்ளதைத் தடவிப் பார்த்து, உகந்த பக்கம் அடியெடுத்துவைத்து, உகவாத பக்கத்திலிருந்து விரலை மடக்கிக்கொள்ளும் உயிர்ப்பு அதற்கு. நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அதன் வேகம் அவ்வளவுதான்.

இடைவெளி நீளும்போது ஸ்வான் அணுக்கள் போதாமல் போகின்றன. அங்கேதான் வார்ட்டன் கூழும் வல்லாரையும் வருகின்றன. கூழுக்குள் குருத்தணுக்கள் இருக்கின்றன. இன்னதாக ஆவேன் என்று இன்னும் முடிவெடுக்காத இளம் அணுக்கள். தட்டில் வளர்க்கும்போது அவை கதிர் வடிவில், ஒன்றோடொன்று இணைந்து, சுழிசுழியாகப் படர்கின்றன. நரம்பின் பக்கம் அவற்றைத் திருப்ப வழக்கமாக விலையுயர்ந்த வளர்ச்சிப் புரதங்கள் தேவை. அவற்றுக்குப் பதிலாக வல்லாரைச் சாறு அந்தப் பணியைச் செய்யுமா என்பதே செராஸ் குழுவின் கேள்வி. ஏசியாட்டிகோசைடு, மேடகாசோசைடு போன்ற பொருள்களைத் தன்னுள் வைத்திருக்கும் கீரை இது. காயம் ஆற்றும் மருந்தாக உலகெங்கும் பெயர் பெற்றது. சாறு பட்ட அணுக்கள் நரம்பு சார்ந்த அணுக்களின் அடையாளப் புரதங்களைக் காட்டத் தொடங்கின. நிறமேற்றிப் பார்க்கும் அறையில் விளக்கை அணைத்தால், கரிய பின்னணியில் அந்தப் புரதங்கள் மட்டும் ஒளிரும். வடிகால் ஓரத்துக் கீரையின் சாறு ஓர் இளம் அணுவிடம் சொன்ன சேதி அங்கே நிறமாகத் தெரிகிறது.

இந்தக் குழுவின் முந்தைய படிகளையும் பாராட்டாமல் கடக்க மனம் வரவில்லை. 2012-இல் இதே பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் தசை அடைத்த சிரையைக் குழலாகக் கொண்டு, அதில் நரம்புச் சாயல் ஏற்ற குருத்தணுக்களைக் குடியேற்றினார்கள். மறுவாழ்வு மருத்துவர் அமரமலர் செல்வி நாயக்கரும் அந்த ஆய்வாளர்களில் ஒருவர். சிரையைத் தசையால் அடைக்கும் யோசனை இத்தாலியரான ஜார்ஜியோ புருனெல்லியின் 1990-களின் பணியிலிருந்து வருவது. சிரை மட்டும் என்றால் சுவர் தொய்ந்து வழி அடைபடும். தசை மட்டும் என்றால் உள்ளிழைகள் நல்ல தடமாக அமையும், ஆனால் வளரும் நரம்பு பக்கவாட்டில் வெளியே வழி தவறிப் போய்விடும். சிரைக்குள் தசையை வைத்ததும் சிரை தொய்வதில்லை, நரம்பு வழி தவறுவதுமில்லை. ஒன்றன் குறையை மற்றொன்றன் நிறை நிரப்பும் இந்த இணக்கம் எத்தனை எளிமையானது, எத்தனை பேரழகானது! 2014-இல் கொலாஜன் பூசிய செயற்கைப் பல்படிமக் குழலையும் அவர்கள் சோதித்தார்கள். அது கரைந்துபோகும் பொருள் என்பதோடு அதை விட்டுவிடலாம். என் காதல் உடலிலிருந்து வந்த குழல்களோடுதான்.

உடலிலிருந்து என்றதும் கேரி தீவின் நண்டு நினைவுக்கு வருகிறது. லங்காட் ஆறு கடலோடு கலக்கும் முகத்தில், அலையாத்தி வேர்களுக்கு நடுவே, மா மேரி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பிடித்துவரும் சேற்று நண்டு. அதன் ஓட்டுக்கு உறுதி தரும் பொருள் கைட்டின். உலகெங்கும் நண்டு, இறால் ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டினைக் காரத்தில் பக்குவப்படுத்தினால் கைட்டோசான் கிடைக்கும். பக்குவப்படுத்தும்போது அதன் மூலக்கூறிலிருந்து அசெட்டைல் தொகுதிகள் ஒவ்வொன்றாக உதிரும். எவ்வளவு உதிர வேண்டும்? ஜெர்மனியின் ஹானோவரில் கிர்ஸ்டன் ஹாஸ்டெர்ட்-டலினியும் குழுவும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் அசெட்டைல் சுமார் 2, 5, 20 விழுக்காடு எஞ்சிய மூன்று வகைக் குழல்களை எலிகளில் வைத்து ஒப்பிட்டார்கள். உறுதி, கரையும் வேகம், நரம்புக்கான இதம் ஆகிய மூன்றும் நன்றாகச் சமன்பட்டது சுமார் 5 விழுக்காட்டில். கண்ணாடித் தெளிவும் மெல்லிய பொன்னிறமும் கொண்ட அந்தக் குழல்கள் இன்று ஐரோப்பாவில் மனிதக் கைகளுக்கே வந்துவிட்டன. கொதிக்கும் சட்டியில் சிவந்து நாம் ஒதுக்கிவைக்கும் ஓட்டுக்குள் விரலுக்கு உணர்வு தரும் பொருள் உறங்குவதை அறிந்த பிறகு, நண்டை முன்போல் பார்க்க முடிவதில்லை.

குழல் ஆயிற்று. அதைப் பொருத்தும் கைகளைப் பற்றி ஒரு சொல். அறுவை நுண்ணோக்கியின் கீழ் 9-0 அல்லது 10-0 நைலான் இழையால் தைக்கிறார்கள். 10-0 இழையின் தடிமன் 20 முதல் 29 மைக்ரான். நம் தலைமுடியில் பாதிகூட இராது. அந்த ஊசி குழலின் சுவரில் நுழையும்போது சுவர் கிழியக்கூடாது, தையலைத் தாங்க வேண்டும். ஆகவே எந்தக் குழலும் எலியிடம் போவதற்கு முன்பே இழுத்துப் பார்க்கப்படுகிறது, மடக்கிப் பார்க்கப்படுகிறது. சுவர் வழியே ஊட்டமும் உயிர்வளியும் போக வேண்டும், வடுத்திசு மட்டும் போகக்கூடாது. இத்தனை நிபந்தனைகளுக்கும் உட்பட்ட சுவர், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனத்தில்.

எல்லாச் சோதனைகளிலும் எனக்கு மிக விருப்பமானது நடைத்தடச் சோதனை. எலியின் பின்னங்கால் பாதங்களில் மை தடவி, குறுகலான பாதை ஒன்றில் வெள்ளைக் காகிதம் விரித்து, மறுமுனையில் இருட்டான கூட்டை வைத்துவிடுவார்கள். எலி தன் போக்கில் நடந்து போய்க் கூட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். காகிதத்தில் வரிசையாகச் சின்னஞ்சிறு பாதங்கள் மலர்ந்திருக்கும். கிருஷ்ண ஜெயந்தியன்று வாசலிலிருந்து பூஜையறை வரை மாக்கோலத்தில் நம் வீட்டுப் பெண்கள் இட்டுவரும் பாதங்களை ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள், அந்த வரிசைதான், அந்த ஐந்து விரல்தான். ஆனால் இங்கே ஒவ்வொரு பாதமும் ஒரு வாக்குமூலம். சியாட்டிக் நரம்பு அறுந்த காலின் தடம் நீண்டுபோய் இருக்கும், ஏனெனில் குதிகாலைத் தூக்க முடியாமல் பாதம் முழுதும் தரையில் படுகிறது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், ஏனெனில் அவற்றை விரிக்கும் சின்னத் தசைகளுக்குக் கட்டளை வந்து சேரவில்லை.

1982-இல் டி மெடினசெலியும் துணையாய்வாளர்களும் இந்தத் தடங்களை எண்ணாக மாற்றும் வழி ஒன்றை வகுத்தார்கள். 1989-இல் பெய்னும் மக்கினனும் ஹன்டரும் அதைச் செம்மைப்படுத்தினார்கள். தடத்தின் நீளம், முதல் விரலுக்கும் ஐந்தாம் விரலுக்கும் இடையே உள்ள அகலம், நடு விரல்களின் அகலம் ஆகியவற்றை நல்ல காலோடு ஒப்பிட்டால் ஓர் எண் வரும். சுழியம் என்றால் இயல்பு. −100 என்றால் முழு இழப்பு. வாரங்கள் செல்லச் செல்லக் காகிதங்களை அடுத்தடுத்துப் பரப்பிவைத்தால், முதலில் நீளம் கொஞ்சம் குறையும். பிறகொரு காகிதத்தில் சுண்டுவிரல் மட்டும் தயங்கித் தயங்கி வெளியே விலகியிருக்கும். அந்த ஒரு விலகலுக்குப் பின்னே எத்தனை இழைகள் குழலைக் கடந்து, எத்தனை தசைகளைத் தொட்டிருக்க வேண்டும்! செம்பனைத் தோட்டத்தில் எலி பயிருக்குப் பகை. அதைப் பிடிக்கவே ஆந்தைகளுக்குக் கூடு கட்டித் தருகிறோம். ஆய்வுக்கூடத்தில் அதன் சுண்டுவிரல் அசைந்ததற்கு மனிதர்கள் மகிழ்கிறார்கள். அந்தச் சிற்றுயிருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

தடம் சொன்னதைத் திசு உறுதி செய்ய வேண்டும். குழலின் நடுவிலிருந்து சீவிய மெல்லிய குறுக்குச் சீவலை டொலுயிடின் நீலத்தில் தோய்த்தால், மயலின் உறைகள் கருநீல வளையங்களாக எழுந்து வரும். ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் வெளிர்ந்த ஒரு வட்டம், அதுவே நரம்பிழை. நலமான நரம்பில் இழையின் விட்டத்தை உறையோடு சேர்ந்த விட்டத்தால் வகுத்தால் 0.6-ஐ ஒட்டி ஓர் எண் வரும். சேதி மிக விரைவாகப் பாய அந்த விகிதமே உகந்தது என்று 1951-இல் ரஷ்டன் கணக்கிட்டுக் காட்டினார். உறை அதைவிட மெலிந்தாலும் வேகம் குறையும், தடித்தாலும் குறையும். ஸ்வான் அணுக்கள் எந்தக் கணக்கும் அறியாமல் அந்த அளவில் வந்து நிற்பதை எண்ணினால் மெய்சிலிர்க்கிறது. மீண்டு வளர்ந்த நரம்பில் வளையங்கள் சிறியவை, உறைகள் மெலிந்தவை, எண்ணிக்கையில் அதிகமானவை. பழைய நரம்பின் கம்பீரம் இல்லை. ஆனால் புதுத் தளிர்களுக்கே உரிய நெருக்கமும் இளமையும் அந்த நீலத்தில் நிறைந்திருக்கின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள். வளையங்களைச் சுற்றி வந்தால், முதலில் வைத்த குழலின் சுவர் எங்கே முடிகிறது, எலியின் சொந்தத் திசு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கடினமாகிக்கொண்டே போகும். அப்படி அடையாளம் இழப்பதுதான் நல்ல குழலின் இலக்கணம்.

மனிதக் கையில் இத்தகைய சீவலை எடுக்க முடியாது. அங்கே சோதனைகள் இன்னும் மென்மையானவை. 1915-இல், போர்க்களக் காயங்களின் நடுவே, பிரெஞ்சுக்காரரான ஜூல் டினெலும் ஜெர்மானியரான பால் ஹாஃப்மனும் எதிரெதிர் அணிகளில் இருந்தபடி ஒரே குறியைக் கண்டு எழுதினார்கள். நரம்பு ஓடும் தடத்தின் மேல் விரலால் மெல்லத் தட்டினால், இழைகளின் முனை வந்து சேர்ந்திருக்கும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தாற்போல் ஒரு கூச்சம் எழும். இன்று மணிக்கட்டில் எழுந்த கூச்சம், அடுத்த மாதம் மூன்று சென்டிமீட்டர் தள்ளி உள்ளங்கையில் எழும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை பதினேழு பதினெட்டு சென்டிமீட்டர், ஏறத்தாழ அரை ஆண்டு.

நுனிக்கு வந்த பிறகும் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. ஸ்வீடனின் கை அறுவை வல்லுநர் எரிக் மோபர்க் பரப்பிய முறை அது. அலுவலக மேசையில் கிடக்கும் காகிதக் கவ்வியை நிமிர்த்தி, அதன் இரு முனைகளையும் விரல் நுனியில் இலேசாக வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, “ஒன்றா, இரண்டாண்ணே?” என்று கேட்பார்கள். முனைகளுக்கு இடையே 6 மில்லிமீட்டர்வரை இருக்கும்போதே இரண்டு என்று சொல்லிவிட்டால் அது நல்ல விரல். குழல் எந்தப் பொருளால் ஆனதென்றாலும், தொப்புள்கொடித் தமனியோ நண்டின் கைட்டோசானோ, அதன் தரத்தை இறுதியில் நிர்ணயிப்பது அந்த 6 மில்லிமீட்டர்தான். செராஸின் தொப்புள்கொடிக் குழல் எலியைத் தாண்டி அந்தக் கவ்வியின் முன் வந்து நிற்க, இன்னும் பல படிகள் ஏறியாக வேண்டும்.